போகச் சொல்லியும் போகாதவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையை நெருங்கியபோது, ராக்போர்ட் என்ற சிற்றூரின் நகராட்சிப் பொறுப்பாளர் ஒருவர், ஊரைவிட்டு வெளியேற மறுத்தவர்கள் தங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் அழியாத மையால் கையில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு உடலை அடையாளம் காண உதவும் என்பதுதான் காரணம். சென்ற இதழில் இதை நாலு வரியில் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்புக்கு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்கால் வாசகர்: புயல் வருகிறது என்று மூன்று நாள் முன்பே தொலைக்காட்சியில் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிக்கிறார்கள். அதற்குப் பிறகும் வீட்டைவிட்டு நகராமல் இருந்து உயிரை விடுகிறவர்களுக்காக நாம் ஏன் பரிதாபப்பட வேண்டும்?

பரிதாபப்படுவதும் படாததும் உங்கள் விருப்பம். ஆனால் அவர்கள் நகராமல் இருந்தார்களா, நகர முடியாமல் இருந்தார்களா என்பதை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2005 ஆகஸ்டு 29 திங்கட்கிழமை விடியற்காலையில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வரலாற்றிலேயே முதல் கட்டாய வெளியேற்ற உத்தரவை மேயர் ரே நேகின் பிறப்பித்தது அதற்கு முந்தைய நாள், ஞாயிறு காலையில். அதாவது கையில் ஒரு முழு நாள்கூட இல்லை. நெடுஞ்சாலையின் இரு பக்கத்தையும் வெளியே போகும் திசைக்கே திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது என்பதால் கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்த நகரத்தில் நாலில் ஒரு வீட்டுக்கும் மேல் கார் கிடையாது. அது மாதக் கடைசி. சம்பளமும் உதவித்தொகையும் ஒன்றாம் தேதிக்கு மேல்தான் கைக்கு வரும். இருநூறு மைல் தள்ளிப் போய் விடுதியில் நாலு நாள் தங்க வேண்டுமென்றால் பெட்ரோலுக்கும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ரொக்கம் வேண்டும், அல்லது கடன் அட்டை வேண்டும், அல்லது வேறு ஊரில் அண்ணன் தம்பி வீடாவது வேண்டும். மூன்றும் இல்லாதவர்களை நகரப் பேருந்துகள் சூப்பர்டோம் விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதுவும் நகரத்துக்கு உள்ளேயே இருந்த இடம்தான். வெள்ளம் வடிவதற்குள், நிறுத்திய இடத்திலேயே வரிசையாக மூழ்கிக் கிடந்த மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகளின் படம் உலகம் முழுக்கப் போனது. உத்தரவு கையில் இருந்து, பேருந்தும் இருந்து, இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க ஆள் இல்லாமல் போனதற்கு அந்தப் படத்தைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சுமார் ஒரு லட்சம் பேர் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைத் தாண்டியவர்கள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் கேள்வியில் உள்ள தொனி உங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் கத்ரீனாவைப் பற்றி 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெளியிலிருந்து பார்த்தவர்கள் வெளியேறியவர்களை உழைப்பாளிகள் என்றும் சொந்தக் காலில் நிற்பவர்கள் என்றும், தங்கியவர்களைச் சோம்பேறிகள் என்றும் வழிதெரியாதவர்கள் என்றும் விவரித்தார்கள். தங்கியவர்களிடம் கேட்டபோது அவர்கள் பேசியதோ அக்கம்பக்கத்தாரை விட்டுப் போகாமல் இருந்ததைப் பற்றி, கடவுள் நம்பிக்கையைப் பற்றி, மனத்தெம்பைப் பற்றி. பக்கத்து வீட்டுக் கிழவியைத் தனியே விட்டுவிட்டுப் போகாதவன் நம் ஊரில் சோம்பேறியா என்று நீங்களே சொல்லுங்கள்.

திருச்சி வாசகி: நாய், பூனைக்காக வீட்டிலேயே தங்கியவர்கள் உண்டு என்று படித்தேன். மனித உயிரைவிடவா அவை பெரிது?

கத்ரீனாவின்போது இது பெரிய காரணமாகவே இருந்தது. நிவாரண முகாம்களிலும் மீட்புப் பேருந்துகளிலும் வளர்ப்புப் பிராணிகளை ஏற்றவில்லை. நாயைக் கரையில் விட்டால்தான் படகில் இடம் என்றதும் படகிலிருந்து இறங்கிவிட்டவர்கள் உண்டு. மறு ஆண்டே, 2006-இல், பேரிடர் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. பிராணிகள் மேல் கொண்ட பாசத்தை மட்டும் வைத்து அந்தச் சட்டம் வந்ததாக நான் நினைக்கவில்லை. நாயை ஏற்றினால்தான் ஆள் ஏறுவார் என்று அதிகாரிகளுக்குப் பட்டுத் தெரிந்திருந்தது.

வங்கதேசத்துக் கடலோரத்தில் இதே கணக்கு மாட்டைப் பற்றியது. அங்கே புயல் காலத்தில் கால்நடைகள் ஏறி நிற்பதற்கென்றே 'கில்லா' என்ற உயரமான மண்மேடுகளை எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பசுவை இழந்தால் இரண்டு ஆண்டு வருமானத்தையும் மகளின் கல்யாணத்தையும் சேர்த்து இழக்கிற குடும்பத்திடம் 'உயிரைவிட மாடு பெரிதா' என்று கேட்டால், அவர்கள் பதில் சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுவதற்கு முந்தைய மாலையில், கடலோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அமைத்திருந்த முகாமில் நான் சில மணி நேரம் இருந்தேன். குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் மூன்றையும் நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த ஒரு பாட்டி, உள்ளே பாய் விரித்திருந்தும் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய மூன்று ஆடுகள் வெளியே வேப்பமரத்தடியில் கட்டியிருந்தன. ஆடு தெரிகிற இடத்தை விட்டு அவர் நகரவில்லை. இருட்டியதும், வீட்டுக்கே போகிறேன் என்று எழுந்துவிட்டார். பள்ளியின் காவலாளி ஒரு வார்த்தையும் பேசாமல் மிதிவண்டிக் கொட்டகையைத் திறந்து ஆடுகளை உள்ளே ஓட்டினார். அதன் பிறகு பாட்டி இரண்டு கவளம் சோறு சாப்பிட்டார்.

மதுரை வாசகர் (வழக்கறிஞர்): கட்டாய வெளியேற்றம் என்ற பிறகு வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. நம் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 34-ஆம் பிரிவு, பாதிப்புக்கு உள்ளாகும் பகுதிக்குள் ஆட்கள் வருவதையும் நடமாடுவதையும் அங்கிருந்து போவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாவட்ட நிர்வாகத்துக்குத் தருகிறது. 51-ஆம் பிரிவின்படி, தகுந்த காரணமின்றி உத்தரவுக்கு இணங்க மறுப்பவருக்கு ஓராண்டு வரையும், அந்த மறுப்பால் உயிரிழப்போ உடனடி ஆபத்தோ நேர்ந்தால் இரண்டாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆனால் காற்று வீசத் தொடங்கிய பிறகு ஐந்நூறு வீட்டுக்கு இரண்டு காவலரும் ஒரு கிராம நிர்வாக அலுவலரும் இருக்கிற இடத்தில் எந்தப் பிரிவு எந்தக் கதவைத் திறக்கும்? அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இதே நிலைதான். 'கட்டாயம்' என்பது பெரும்பாலும் 'இதற்கு மேல் கூப்பிட்டால் வர ஆள் இருக்காது' என்பதற்கு இன்னொரு பெயர். கையில் எண்ணை எழுதச் சொல்வதும் அதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. என் கருத்தில் அது மனிதாபிமானமற்ற பேச்சு அல்ல. கடைசி நேரத்தில் நாலு பேரையாவது திகைக்க வைத்துக் கிளப்பும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்கிறவருக்குத்தான் உண்டு.

மீட்கப் போகிறவரின் உயிரைப் பற்றியும் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கவலை முழுக்க நியாயமானது. தங்கிவிட்ட ஒருவருக்காக நள்ளிரவில் படகு இறக்குகிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோவை வாசகர்: அமெரிக்காவில் எரிமலை அடிவாரத்தை விட்டு வரமாட்டேன் என்று கடைசிவரை இருந்து மடிந்த முதியவரை வீரர் என்கிறார்கள். தங்கள் கருத்து?

நீங்கள் குறிப்பிடுவது ஹாரி ட்ரூமன். அதே பெயர்கொண்ட அமெரிக்க அதிபருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் அடியில், ஸ்பிரிட் ஏரிக்கரையில் ஐம்பது ஆண்டுக்கும் மேலாகத் தங்கும் விடுதி நடத்தியவர். 1980-இல் அவருக்கு வயது 83, மனைவி சில ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார், உடன் இருந்தவை 16 பூனைகள். மார்ச் மாதம் மலை குமுறத் தொடங்கியதும் அதிகாரிகள் அந்தப் பகுதியை மூடினார்கள். இவர் மறுத்தார். பத்திரிகைக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து பேட்டி எடுத்தார்கள், பள்ளிக் குழந்தைகள் கடிதம் எழுதினார்கள். மே 18 காலை 8.32-க்கு மலையின் வடபுறம் அப்படியே சரிந்து, விடுதியையும் ஏரியையும் மூடிக்கொண்டு போனது.

மனைவியோடு வாழ்ந்த மண்ணையும் வீட்டையும் விட்டு 83 வயதில் வேறு எங்கே போவது என்று கேட்கிற ஒருவரை எனக்குப் புரிகிறது. வீரர் என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் புகழ் மற்றவர்களையும் இழுத்தது. அங்கே குடில்கள் வைத்திருந்த வேறு சிலர், ட்ரூமன் இருக்கலாமென்றால் நாங்கள் எங்கள் பொருளை எடுக்கக்கூட ஏன் போகக் கூடாது என்று போராடியதில், மே 17 அன்று காவல் துணையோடு அவர்களை உள்ளே அனுமதித்தார்கள். அடுத்த அணி 18-ஆம் தேதி காலை 10 மணிக்குப் புறப்பட இருந்தது. ஒன்றரை மணி நேரம் பிந்தி மலை வெடித்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று இறந்த 57 பேரில் பெரும்பாலோர் எந்த உத்தரவையும் மீறியவர்கள் அல்லர். அதிகாரிகள் பாதுகாப்பானது என்று விட்டுவைத்திருந்த, தடை எல்லைக்கு வெளியே இருந்த இடங்களில் இருந்தவர்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: எங்கள் ஊரில் 'போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை' என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள், அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது. அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் 1969-இல் கமீல் புயலைத் தாண்டி நின்ற வீடுகள் இருந்தன. அதையே தாங்கிய வீடு எதையும் தாங்கும் என்று கத்ரீனாவின்போது உள்ளேயே இருந்து பலர் மாண்டார்கள். கமீல் 1969-இல் கொன்றதைவிட 2005-இல் கொன்றது அதிகம் என்று அந்தக் கரையில் இன்றும் பேசிக்கொள்வார்கள். நியூ ஆர்லியன்ஸிலோ 1965-இன் பெட்சி புயலைக் கண்டவர்கள் பரணில் ஒரு கோடாலியை வைத்திருப்பார்கள்; தண்ணீர் ஏறினால் கூரையை உள்ளிருந்து வெட்டிக்கொண்டு மேலே வர வேண்டுமல்லவா? அனுபவம் ஒரே பாடத்தையா சொல்லிக்கொடுத்தது பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கத்ரீனா முடிந்த மூன்றே வாரத்தில் ரீட்டா புயல் வந்தபோது ஹூஸ்டன் பகுதியிலிருந்து இருபத்தைந்து லட்சம் பேருக்குமேல் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். நூறு மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன, வெயிலில் பலர் செத்தார்கள், முதியோர் இல்லத்துப் பேருந்து ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயலோ ஹூஸ்டனை விட்டு விலகிப் போனது. அடுத்த முறை அந்த மக்களிடம் 'கிளம்புங்கள்' என்று சொல்வது எத்தனை கடினமாக இருந்திருக்கும்! அதிகாரிகள் எச்சரிக்கையைத் தேவைக்கு மேல் அகலமாக வீசினால், அந்தக் கடனை அடுத்த புயல் வசூலிக்கும்.

நம்பிக்கை திரும்பி வந்த இடத்துக்கு ஒடிசாவைச் சொல்லலாம். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டி, ஊர் இளைஞர்களையே பழக்கி வைத்தார்கள். 2013-இல் பைலின் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரையும், 2019-இல் ஃபானி வந்தபோது பன்னிரண்டு லட்சம் பேரையும் நகர்த்த முடிந்தது. இரண்டு முறையும் உயிரிழப்பு நூறுக்குள் நின்றது. கதவைத் தட்டியவர் தெரிந்த முகமாக இருந்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம்: சுமார் 1,38,000 பேரைக் கொண்டுபோன 1991 வங்கதேசப் புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்களும், அந்நிய ஆண்கள் நிறைந்த மையத்தில் மறைவிடம் இல்லையே என்று தயங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சென்னை வாசகி (செவிலியர்): படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் கட்டாயம் நகர்த்தித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் தொழிலில் உள்ளவர்தான் இதைக் கேட்பார். 2011 மார்ச்சில் சுனாமியால் சேதமடைந்த ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவமனையிலிருந்தும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலிருந்தும் நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி மணிக்கணக்கில் அலைக்கழித்ததில், அந்த மாதத்துக்குள்ளேயே 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாகாணத்தில் வெளியேற்றத்தின் அலைச்சலாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோர் 2,000-க்கும் மேல். அங்கே சுனாமி நேரடியாகக் கொன்றவர்களைவிட அதிகம். எனவே கேள்வி நகர்த்துவதா வேண்டாமா என்பதோடு முடிவதில்லை. எந்த வண்டியில், யார் துணையோடு, எந்தப் படுக்கைக்கு என்பதுவரை நீள்கிறது. அதற்கு விடை தெரியாமல் ஏற்றுவதைவிட, உறுதியான கட்டடத்தின் மேல்மாடியில் ஆக்சிஜனும் மருந்தும் ஆளும் வைத்துக் காப்பது சில வேளைகளில் மேல். வெள்ளம் தரைத்தளத்தை மட்டும் எட்டும் இடத்துக்கே இது பொருந்தும். கடல் ஊருக்குள் ஏறும் இடத்துக்குப் பொருந்தாது.

கடலூர் வாசகி: என் மாமனாருக்கு 78 வயது. ஒவ்வொரு புயலுக்கும் 'நீங்கள் போங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். என்ன சொல்லி அழைத்துப் போவது?

புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று கேட்ட அன்றே பேச்சைத் தொடங்குங்கள். காற்று வந்த பிறகு பேசினால் அவருக்கு மறுப்பதைத் தவிர வேறு மரியாதை மிஞ்சாது. 'ஏன் மாமா வரமாட்டேன் என்கிறீர்கள்' என்று கேட்காமல், வீட்டில் எதைப் பார்த்துக்கொள்ள நினைக்கிறார் என்று கேளுங்கள். படகு எஞ்சினாக இருந்தால் அதைக் கழற்றி மாடிவீட்டில் வைக்க அவருடைய மகனை அனுப்புங்கள், பீரோவாக இருந்தால் பத்திரத்தையும் நகையையும் அவர் கையாலேயே எடுத்து அவர் பையிலேயே வைக்கட்டும், திருட்டுப் பயமாக இருந்தால் ஊரில் காவலுக்கு நிற்பது யார் என்று பஞ்சாயத்தாரை விட்டு அவரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள். ஒருவேளை அவர் தயங்குவது முகாமின் கழிப்பறையை நினைத்து என்றால் அதை உங்களிடம் சொல்லமாட்டார். பேரனை விட்டு விசாரியுங்கள். இரவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டிய வயதில் முந்நூறு பேருக்கு இரண்டு கழிப்பறை என்பது சிறிய விஷயம் அல்ல. உறவினர் வீடு இருந்தால் அங்கேயே அழைத்துப் போங்கள். கிளம்பும்போது வீட்டைப் பூட்டச் சொல்லிச் சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.