ஹிஸ்டரில பிஎச்டி, காலேஜ் வேணாம்னா அடுத்து எங்க?

சிஸ்டர், பெரம்பூர்ல இருந்த பழைய துணி மில்லான பி அண்ட் சி மில் தொழிலாளர் வரலாத்துல பிஎச்டி முடிச்சிட்டு கெஸ்ட் லெக்சரரா வருஷா வருஷம் ஆர்டர் வருமான்னு வியாசர்பாடில உக்காந்து காத்துட்டிருக்கேன், வெளிய போனா டாக்டர் பட்டம் வேஸ்டான்னு கேட்டிருந்தீங்க. நான் தண்டையார்பேட்ட, தமிழ்ல பிஎச்டி, இப்ப ஒரு ஆப் கம்பெனில யூசர் ரிசர்ச், அதாவது ஆப்ப யூஸ் பண்றவங்ககிட்ட பேசி அவங்களுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கற வேலை பாக்குறேன்.

மொதல்ல ரெஸ்யூமேல தீசிஸ் தலைப்ப உச்சில போடாதீங்க, எச்ஆர் அதத் தாண்டி படிக்கவே மாட்டாங்க. செஞ்ச வேலைய எழுதுங்க, பெரம்பூர் பக்கம் ரிட்டயர்டு மில் ஆளுங்க வீட்ல உக்காந்து பேட்டி எடுத்தது, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய ஜி.ஓ. (அரசாணை) தோண்டுனது, அதுல இருக்கறதும் பெருசுங்க சொல்றதும் இடிக்கும்போது எத நம்பறதுன்னு முடிவு பண்ணது, இதுக்குத்தான் வெளிய சம்பளம்.

2013 நிலம் எடுப்புச் சட்டத்துல சமூகத் தாக்க மதிப்பீடுன்னு ஒண்ணு இருக்கு, நிலத்த எடுத்தா அங்க இருக்கற ஜனங்களுக்கு என்ன பாதிப்புன்னு பாக்கறது, அந்த மாதிரி ஸ்டடி பண்ற கன்சல்டன்சிங்களுக்கு ஜனங்ககிட்ட பேசத் தெரிஞ்ச ஆள் வேணும். எண்ணூர், காசிமேடு பாஷை உங்களுக்கு யாரும் கத்துத் தர வேணாமே. ஆர்கைவ் வேலை, அதாவது பழைய ஆவணங்கள பாதுகாக்கற வேலை பிடிக்கும்னா தரமணி ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்கள்ல ஓப்பனிங் வருதான்னு பாத்துட்டே இருங்க. கன்டென்ட் ரைட்டிங் மட்டும் வேணாம், வார்த்தைக்கு இவ்ளோன்னு பைசா எண்ணுவான்.

ஆபீஸ்ல யாரும் டாக்டர்னு கூப்பிட மாட்டாங்க, கொஞ்ச நாள் உறுத்தும்தான். ஆனா ஆர்ட்டிகிள் எழுத வேலை தடை இல்ல, நான் இன்னும் எழுதறேன். ரெஸ்யூமே ரெடி பண்ணி இங்க போடுங்க, போன் நம்பர எடுத்துட்டு போடுங்க, பாத்து சொல்றேன்.