லான் பவுல்ஸ்: குழுக் கோப்பை யாருக்கு?

கேள்வி: 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள், புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டமான லான் பவுல்ஸில் தங்கம் வென்ற பிறகுதான் இந்த விளையாட்டைக் கவனிக்கத் தொடங்கினேன். இதன் உலகப் போட்டியில் நாட்டுக்கென்று ஒரு குழுக் கோப்பையும் உண்டாமே, அதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. ஆண்களுக்கு லெனார்ட் கோப்பை, பெண்களுக்கு டெய்லர் கோப்பை. ஆண்கள் உலகப் போட்டி 1966-லும் பெண்கள் போட்டி 1969-லும் சிட்னியில் தொடங்கின. இக்கோப்பைகளுக்கெனத் தனி இறுதியாட்டம் கிடையாது. ஒற்றையர், இருவர், மூவர், நால்வர் ஆகிய நான்கு பிரிவுகளிலும் ஒரு நாடு பிடிக்கும் இடங்களுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகையில் முந்தும் நாட்டுக்குக் கோப்பை. ஆகவே ஒரு தங்கத்தோடு மற்ற மூன்றில் பின்தங்கிய நாட்டை, தங்கமே இல்லாமல் நான்கிலும் முன்வரிசையில் நின்ற நாடு மிஞ்சிவிட முடியும். 1976-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்க ஆண்கள் நான்கு தங்கங்களையும் தாங்களே அள்ளியபோது மட்டும் கணக்குப் பார்க்கும் வேலையே இருக்கவில்லை.

நெடுங்காலம் வழக்கிலிருந்த முறையில் ஒரு நாட்டுக்கு ஐந்தே ஆட்டக்காரர்கள். இருவர், மூவர் பிரிவுகள் ஒரே சமயத்தில் நடக்கும். அவை முடிந்ததும் ஒற்றையரும் நால்வரும் நடக்கும். இரண்டு முறையும் ஐந்து பேரும் களத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், சுமாரான ஒருவரை ஒளித்துவைக்க இடமே இல்லை. எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

தோற்ற ஆட்டமும் இங்கே வீண்போவதில்லை. நால்வர் ஆட்டத்தின் ஒரு சுற்றில் பதினாறு பந்துகளும் உருண்டு நின்றபின், ‘ஜாக்’ எனும் சிறு வெள்ளைப் பந்துக்கு எதிரணியின் மிக அருகிலுள்ள பந்தைவிட நெருங்கி நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ‘ஷாட்’ கிடைக்கும். லீக் கட்டத்தில் இரு நாடுகள் சமமாக வென்றிருந்தால் ஷாட் வித்தியாசம் பார்க்கப்படும். தோல்வி உறுதியான பிறகும் ஆட்டக்காரர்கள் குனிந்து அளவுநாடாவைப் பிடிப்பது அதற்காகத்தான்.

பிரிட்டனின் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் அணிகளும் அயர்லாந்தும் மோதும் தொடரில் கணக்கு வேறு. அங்கே பல நால்வர் அணிகள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஆட, எல்லாத் தடங்களின் ஷாட்களையும் கூட்டி வெற்றியைச் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்த பர்மிங்காம் இறுதியாட்டத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்றது. 11-10 என்றிருந்தாலும் அதே தங்கந்தான். பிரிட்டன் தொடராக இருந்திருந்தால் அந்த ஏழு ஷாட் முன்னிலை, அடுத்த தடத்தில் தடுமாறும் தோழர்களின் கடனை அடைக்கப் போயிருக்கும்.