வேலையை விட்டுவிட்டு பி.எட். சேரலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. குடியாத்தம் பக்கம் வீடு. எம்.எஸ்சி. கணிதம் முடித்து, ஒரு தனியார் அலுவலகத்தில் 16,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். கணவருக்கு 24,000. ஒரு குழந்தை. சேமிப்பு 1.5 லட்சம், நகை 6 பவுன். ஆசிரியர் ஆக ஆசை. பக்கத்து சுயநிதிக் கல்லூரியில் பி.எட். படிக்க இரண்டு வருடத்துக்கு 1.2 லட்சம் கேட்கிறார்கள். ஒரு ஏஜென்ட், 90,000 கொடுத்தால் வகுப்புக்கே போகாமல் வெளிமாநில பி.எட். வாங்கித் தருவதாகச் சொல்கிறார். டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு) போதும் என்கிறார் தோழி. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பி.எட். என்றால் வருடத்துக்கு 200 வேலை நாட்கள், அதோடு மொத்தம் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. வகுப்புக்குப் போகாமல் வரும் சான்றிதழ், சரிபார்ப்பில் மாட்டினால் 90,000 போனது போனதுதான், வேலையும் சேர்ந்து போகும். தொலைநிலைக் கல்வியில் பி.எட். இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது.

தோழி சொல்லும் டி.எல்.எட். 1 முதல் 5 வகுப்பு வரை எடுப்பதற்கானது. அரசுப் பள்ளியில் அந்த வகுப்புகளை எடுக்கும் இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600-ல் தொடங்குகிறது. பி.எட். முடித்துச் சேரும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. எம்.எஸ்சி. கையில் இருக்கும்போது பி.எட்.தான் சரி. 6 முதல் 8 வகுப்புக்கான ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள், முதுகலை ஆசிரியர் தேர்வு இரண்டுக்கும் அது வழி. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத்தான் ஆசை என்றால் மட்டும் கணக்கு மாறும். 2023-ல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று சொல்லிவிட்டது.

இனி பணம். நீங்கள் கட்டணத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். பெரிய செலவு அது இல்லை. 24 மாதச் சம்பளம் 3,84,000 போகிறது. கட்டணத்தோடு சேர்த்து 5,04,000. பஸ், ரெக்கார்டு நோட்டு, புடவை எல்லாம் தனி. உங்கள் ஊரில் மூன்று நான்கு பள்ளிகளில் விசாரியுங்கள்: பி.எட். முடித்த கணித ஆசிரியருக்குக் கையில் எவ்வளவு தருகிறார்கள்? 22,000 என்றால் மாதம் 6,000 கூடுதல். போட்ட பணம் திரும்ப 7 வருடம் ஆகும். அரசு வேலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தகுதித் தேர்வு, அப்புறம் போட்டித் தேர்வு, அதற்கு அறிவிப்பு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. கிடைத்தால் லாபம்.

7 வருடம் என்றதும் பயந்துவிட வேண்டாம். கணிதம் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு: மாலை டியூஷன். 8 பிள்ளைகள், தலைக்கு 800 என்றால் மாதம் 6,400. வருடத்தில் 10 மாதம் நடத்தினாலும் இரண்டு வருடத்தில் 1,28,000. கட்டணம் அதிலேயே வந்துவிடும். வேலையை விடும் முன்பே டியூஷனைத் தொடங்கிப் பாருங்கள். 8 பேர் சேராவிட்டால் சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிப்போடலாம், தப்பில்லை.

வேலூரில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. கலந்தாய்வில் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரி இடம் கிடைத்தால் கட்டணச் சுமை பெரிதாகக் குறையும். சுயநிதிக் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சேமிப்பைத் தொடாதீர்கள். ஒரே சம்பளத்தில் குழந்தையோடு இரண்டு வருடம் ஓட்ட அதுதான் துணை. சுயநிதியில்தான் சேர வேண்டும் என்றால் கல்விக் கடன் கேளுங்கள்; 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. வருடத்துக்கு 60,000 வீதம் வாங்கினால், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும், முதல் வருடம் மாதம் 500, அடுத்த வருடம் 1,000. படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள், அசலில் ஏறாது. கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை என்று யாராவது ஆசை காட்டினால் விடுங்கள், உங்கள் வீட்டு வருமானத்துக்கு வரியே வராது. வங்கி கல்விக் கடனை மறுத்தால் மட்டும் நகைக் கடன்.

சேரும் நாளில் கல்லூரியின் பெயர் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் (என்.சி.டி.இ.) அங்கீகாரப் பட்டியலிலும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள், ரசீதில் முழுத்தொகையும் இருக்கட்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.