கொழும்புக்கு மருத்துவக் கல்வி ஆய்வுக்கு வரும் தம்பிக்கு

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கற்பித்தலை மேம்படுத்துவது பற்றி ஆய்வு செய்யக் கொழும்பு வரப்போகிறாராம். வாடகை எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா, விசா எப்படி, தமிழையும் ஆங்கிலத்தையும் வைத்துச் சமாளித்துவிடலாமா என்று நாலு கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லப்போகிறேன். விசாவை உங்களை எடுக்கிற இடத்தில் கேளுங்கள், அவர்கள் கடிதம் இல்லாமல் ஒன்றும் நகராது. வாடகைக்கு நான் ஒரு தொகை சொன்னால் நீங்கள் வந்து இறங்குவதற்குள் அது பழசாகிவிடும். கொழும்பில் தமிழர்கள் அதிகமாக இருக்கும் வெள்ளவத்தையில் சைவக் கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வெளியே சாப்பிடும்போது சம்பலோ காய்கறியோ, மாசி போட்டதா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். கருவாடு தூளாகி உள்ளே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.

சமாளிக்கலாமா? வெள்ளவத்தையில் குடியிருக்கச் சமாளிக்கலாம். ஆய்வுக்கு முடியாது. சிங்களம் படியுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது.

நான் கல்யாணமாகி இங்கே வந்தது 2008இல். போர் முடியாத காலம். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் சோதனைச் சாவடிகள், வெள்ளவத்தையில் தங்கும் தமிழர்கள் பொலிஸில் பெயர் பதிய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் தைரியம் சொல்லி அனுப்பினார். விட்டார்கள்தான். ஆனால் பஸ்ஸிலிருந்து இறக்கி அவர்கள் கேட்டது எதுவும் எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எனக்காகப் பதில் சொன்னாள். கோவையில் மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுத்த நான், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தயவில் நின்றேன். வந்த கோபத்தில் சிங்களம் பிடித்துக்கொண்டேன். மீன்காரரிடம், கண்டக்டரிடம், மாடி வீட்டு அம்மாவிடம், கிடைத்தவர்களிடமெல்லாம் பேசினேன். இன்று வார்டில் நான் பேசினால் நோயாளிகள் என் ஊர் எது என்று யோசிப்பார்கள், கோயம்புத்தூர் என்று யாரும் சொன்னதில்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமையும்தான்.) விஷயம் இதுதான். இங்கே விரிவுரை, பரீட்சை, நோயாளியின் கேஸை மூத்த டாக்டரிடம் ஒப்பிப்பது எல்லாம் ஆங்கிலத்தில். நோயாளியோடு பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில். மதுரையிலும் இதே மாதிரி இரண்டு மொழிதான், ஆனால் இரண்டும் உங்களுடையவை என்பதால் நடுவில் என்ன நடக்கிறது என்று நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஒருநாள் ஆய்வுக்காக வார்டில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நீரிழிவுக்காரப் பெரியவர் ஒருவர். தூரத்து ஊர், கிளினிக்குக்கு வந்தால் ஒருநாள் கூலி போய்விடும், அதனால் ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறேன் என்று மாணவியிடம் விளக்கமாகச் சொன்னார். அவளும் நன்றாகத்தான் கேட்டாள், இடையில் தானாகவே இரண்டு நல்ல கேள்வி கேட்டாள். கன்சல்டன்ட் வந்ததும் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள்: மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை. அவ்வளவுதான். அவரும் மேலே கேட்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆய்வாளர் அங்கே இருந்தால், நோயாளியின் பின்னணியை விசாரிக்கத் தெரியாத மாணவி என்று எழுதியிருப்பார். அவளுக்குத் தெரியும். ஒப்பிக்கும்போது அதற்கு இடமில்லை என்று யாரோ அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆராய வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு அனுமதி 40 வீதம் நாடளாவிய தகுதியில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் பல மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பெரும்பாலானவர்கள் உயர்தரப் பரீட்சையை (நம் ப்ளஸ் டூ மாதிரி) சிங்களத்திலோ தமிழிலோ எழுதிவிட்டு வருகிறார்கள். கொழும்பில் இடம் கிடைத்த, கிழக்கே மட்டக்களப்பிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை முதலில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அது படிந்து வரும் நேரத்தில் வார்டு, அங்கே சிங்களம். இந்தப் பிள்ளைகள் தமிழில் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள், அந்த வசதியை விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர்கள் தடுமாறுவது எங்கே என்று பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் சிங்களம் வேண்டும்.

தயவுசெய்து இந்தியாவிலிருந்து ஒரு கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஒருநாள் பட்டறை, முடிவில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், பெரும்பான்மையோருக்குப் பிடித்திருந்தது, கட்டுரை தயார். நம் மருத்துவக் கல்வித் துறையே இதில்தான் மூழ்கிக்கிடக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இலேயே பயிற்சியை மதிப்பிட நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் பலன் உண்டா. முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுகிறோம். அதுவும் பாடம் எடுத்தவரே படிவத்தை நீட்டினால் என்ன வரும்? பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே உப்பு சரியா என்று கேட்டால் யார் குறை சொல்வார்கள்? மாணவர் சம்மதத்தை உங்களுக்கும் அவர்களின் மார்க்குக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் வாங்கட்டும். அறநெறிக் குழு அனுமதி வரும்வரை ஒரு படிவம்கூட வெளியே போகக் கூடாது.

இங்கத்தைய மாணவர் மனத்தை ஆள்வது பொது மெரிட் லிஸ்ட். அரச மருத்துவ பீடங்கள் எல்லாவற்றின் இறுதிப் பரீட்சைப் பெறுபேறும் ஒரே வரிசையாகும், இன்டர்ன்ஷிப் இடம் அதன்படிதான். நீங்கள் எவ்வளவு அருமையான கற்பித்தல் முறையைக் கொண்டுவந்தாலும், இது பைனலில் வருமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

நம் ஊரிலிருந்து வந்த சிலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவர்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் வெள்ளவத்தையைத் தாண்டாது, கேட்டால் எல்லோரும்தான் தமிழ் பேசுகிறார்களே என்பார்கள். இன்னொன்று எந்தக் கூட்டத்திலும் எழுந்து வேலூரில் இப்படி, சென்னையில் அப்படி என்று பாடம் எடுக்கும். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். மருத்துவம் எப்படிக் கற்பிப்பது என்று அவர்களுக்கு நாம் வந்து சொல்லத் தேவையில்லை. கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் டீயைக் குடியுங்கள்.

பணமும் மரியாதையும் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, அதுவே நல்லது. மாலையானால் மற்ற டாக்டர்கள் சனலிங் போவார்கள், அதாவது தனியார் மருத்துவமனையில் கட்டணத்துக்கு நோயாளி பார்க்க. நாம் வீட்டில் உட்கார்ந்து நேர்காணல் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டு அன்ரி இன்னும் என்னிடம், "பிள்ளை, நீர் எங்கை சனல் பண்ணுறீர்?" என்று கேட்கிறார். ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கிறேன் என்றால், "ஓமோம்" என்று இரக்கத்தோடு தலையாட்டுவார். 2022இல் பெட்ரோலுக்கு வரிசை, மின்வெட்டு, இளம் டாக்டர்கள் வெளிநாடு போக வரிசை. பயிற்சி டாக்டர்களிடம் வார்டுக் கற்பித்தல் பற்றி நேர்காணல் எடுக்கப் போனால், பேச்சு சுற்றிச்சுற்றி எந்த நாட்டுப் பரீட்சை எழுதலாம் என்பதிலேயே வந்து நின்றது. அதையும் எழுதி வைத்தேன், அதுவும் தரவுதான். அன்ரி அப்போதும் விடவில்லை: "எல்லாரும் வெளிக்கிடேக்கை நீர் என்னத்துக்கு இஞ்சை இருக்கிறீர்?"

காலக்கணக்கு ஒன்று மட்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே விடுமுறை. ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்கு ஊரே காலி. இடையில் பல்கலைக்கழக ஊழியர் வேலைநிறுத்தம் ஒன்று வந்தாலும் வரும். வார்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு நீங்கள் ஆறு மாதம் போட்டிருந்தால், வழிகாட்டியிடம் இப்போதே பேசி ஒன்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதலாகும் மாதங்களில் சிங்கள வகுப்புக்கும் போய்விடலாம்.