சுடுநீருக்கு எட்டுக் கிலோ நிலக்கரி: வைப்புத்தொகையை முறிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி பாய்லர்தான் ஆண்டு முழுவதும் 200 லிட்டர் தொட்டியில் சுடுநீரும் தருகிறது. வெயில் காலத்தில் சுடுநீருக்காக மட்டும் காலையும் மாலையும் பாய்லரை மூட்டுவதில் நாளொன்றுக்கு எட்டுக் கிலோ நிலக்கரி செலவாகிறது. தானாகவே நிலக்கரியை ஊட்டிக்கொள்ளும் புதிய பாய்லரை வாங்கினால் இந்தச் செலவு 50 விழுக்காடு வரை குறையும் என்கிறார் விற்பனையாளர். முதிர்வடைய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கும் வைப்புத்தொகையை முறித்து, பற்றாக்குறைக்குக் கடனும் வாங்கி, அந்தப் பாய்லரை வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்லும் அதே பாதிச் சேமிப்பு உங்கள் பழைய பாய்லரிலேயே கிடைக்க வாய்ப்பிருக்கிறது. (விளம்பரங்களில் வரும் ‘வரை’ என்ற சொல்லை நான் எப்போதும் அடிக்கோடிட்டுத்தான் படிப்பேன், அதற்குள் பூஜ்யமும் அடங்கிவிடும்.)

முதலில் அந்த எட்டுக் கிலோ எங்கே போகிறது என்று பார்ப்போம். 200 லிட்டர் நீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 9.3 கிலோவாட்-மணி, அதாவது மின்கட்டணக் கணக்கில் 9.3 யூனிட். நல்ல தரமான நிலக்கரி ஒரு கிலோவில் சுமார் 7 யூனிட் வெப்பம் இருக்கும் என்று கொண்டால், நீங்கள் நாள்தோறும் 56 யூனிட்டை அடுப்பில் போட்டு, அதில் ஆறில் ஒரு பங்கை மட்டுமே குழாயில் திருப்பி எடுக்கிறீர்கள். மீதி ஐந்து பங்கையும் புதிய பாய்லர் மீட்டுத் தந்துவிடாது. ஏனென்றால் அதில் பெரும்பகுதி எரியும் முறையால் மட்டும் வீணாவதில்லை, எரிந்து உண்டான வெப்பத்தை நீங்கள் வைத்திருக்கும் முறையாலும் வீணாகிறது.

பாய்லரின் இரும்பு உடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 300 கிலோ எடையும் உள்ளே 60 லிட்டர் நீரும் கொண்ட ஒரு பாய்லர் ஆறிக் கிடந்து, மீண்டும் 50 டிகிரி ஏறுவதற்கு மட்டும் சுமார் 5.4 யூனிட் வெப்பம் பிடிக்கும். எரிதலில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், ஒவ்வொரு முறை மூட்டும்போதும் ஒரு கிலோவுக்கு மேல் நிலக்கரி, உங்கள் குளியலுக்கு ஒரு சொட்டு நீர் சூடாவதற்கு முன்பே, பாய்லருக்கே போய்விடுகிறது. தீ அணைந்தபின் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறும். ஆகவே காலையும் மாலையும் மூட்டுவதற்குப் பதிலாக ஒரே வேளையில் நன்றாகக் காற்று விட்டு, சுடர் தெரிய எரித்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, அத்துடன் விட்டுவிடுங்கள்.

காற்றுவாயை மூடி, இரவெல்லாம் கனன்றுகொண்டே இருக்கும்படி விடுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். இது விலை உயர்ந்த தவறு. நிலக்கரியைச் சூடாக்கும்போது முதலில் வெளிவருவது எரியக்கூடிய வாயுக்கள்தாம். காற்றுப் போதாவிட்டால் அவை எரியாமலே புகையாகப் போய், வழியில் தாராகவும் கரியாகவும் படிகின்றன. கூடவே கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது. பாய்லர் இருக்கும் அறையில் இந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால், சேமிப்பைப் பற்றிய மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்கிப் பொருத்துங்கள்.

அடுத்தது குழாய்கள். ஒரு அங்குல இரும்புக் குழாய், மேலே உறை எதுவும் இல்லாமல், 60 டிகிரி நீருடன் 20 டிகிரி அறையில் ஓடினால், மீட்டருக்கு ஏறத்தாழ 40 வாட் வெப்பத்தை இழக்கிறது. பாய்லருக்கும் தொட்டிக்கும் இடையே போக வர 10 மீட்டர் குழாய் இருந்து, பம்பும் நாள் முழுவதும் ஓடினால், இழப்பு சுமார் 10 யூனிட்; நான்கு பேர் குளிப்பதற்குத் தேவைப்படும் வெப்பத்தை விட இது அதிகம்! அதோடு, அடுப்பு அணைந்தபிறகும் பம்பு ஓடினால் தொட்டி நீர் பாய்லரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். பம்பே இல்லாத அமைப்புகளிலும், இரவில் நீர் தானாகவே பின்னோக்கிச் சுழன்று இதே வேலையைச் செய்வதுண்டு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தீ அணைந்து மூன்று மணி நேரம் கழித்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயின் மேல் எச்சரிக்கையாகக் கை வைத்துப் பாருங்கள். அது இன்னும் சூடாக இருந்தால், காலைக் குளியலுக்கான நீர் புகைபோக்கியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை, தொட்டிக்குத் தடித்த மேலுறை, பின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு வால்வு, பாய்லர் ஆறியதும் பம்பை நிறுத்தும் ஒரு தெர்மோஸ்டாட் ஆகிய நான்கையும் ஒரு பிளம்பர் ஒரே நாளில் பொருத்திவிடலாம். பாதுகாப்பு வால்வையும் அதன் வெளியேற்றுக் குழாயையும் மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடக் கூடாது.

சாம்பல் வாளியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். சாம்பல் நிறத் தூளுக்கு நடுவே கறுப்பாகத் துண்டுகள் தெரிந்தால், அவை நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட நிலக்கரி. சலித்து எடுத்து மறுபடி போடலாம். உட்சுவரில் படிந்த கரியைச் சுரண்டாமல் விட்டால் புகை சூடாகவே வெளியேறும். புகையின் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி கூடினால் பாய்லரின் திறனில் (எரியும்போது நிலக்கரியின் வெப்பத்தில் பாய்லர் நீருக்குச் சேரும் பங்கில்) ஒரு விழுக்காடு போய்விடும் என்பது அனுபவக் கணக்கு. நிலக்கரி வாங்கும்போது மூட்டையின் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோவின் விலையை அதில் இருக்கும் வெப்ப அளவால் வகுத்துப் பாருங்கள். நனைந்த நிலக்கரியில் நீருக்கும் நிலக்கரி விலையே கொடுக்கிறீர்கள், பிறகு அந்த நீரை ஆவியாக்கவும் நிலக்கரியையே எரிக்கிறீர்கள்.

வெப்பநிலையைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். அதில் நான் கை வைக்க மாட்டேன். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும் என்பதால், தொட்டி நீர் 60 டிகிரியை எட்டுவதே பாதுகாப்பு. பாய்லருக்குத் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே ஈரம் படிந்து இரும்பு அரிக்கும். வெந்நீரின் அளவைக் குறைப்பதில் இந்த ஆபத்துகள் இல்லை: நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவர் தலையை மாற்றி 8 லிட்டர் தருவதைப் போட்டால், அதே நேரக் குளியலுக்கு மூன்றில் ஒரு பங்கு நீர் குறையும்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். ஒரே வேளை மூட்டல், காப்பிட்ட குழாய், அணைந்ததும் நிற்கும் பம்பு ஆகியவற்றுடன் என் மதிப்பீட்டில் உங்கள் தேவை நாளொன்றுக்குச் சுமார் நான்கு கிலோவாகும். 150 வெயில் நாட்களுக்கு 600 கிலோ மிச்சம். மேற்சொன்ன பொருள்களின் மொத்தச் செலவை ஒரு கிலோ நிலக்கரியின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 600-க்குள் வந்தால் போட்ட பணம் ஒரே ஆண்டில் திரும்பிவிடும். எந்த வைப்புத்தொகையும் அந்த வட்டி தராது.

விற்பனையாளரின் கணக்கில் மறைந்திருக்கும் ஓட்டையும் இங்கேதான் தெரியும். எட்டில் பாதி நான்கு. ஆனால் நான்கில் பாதி இரண்டுதான். முதலில் வீணாவதை அடைத்துவிட்டால், புதிய பாய்லர் மிச்சப்படுத்தித் தருவது பாதியாகச் சுருங்கிவிடும், கடன் தவணையோ சுருங்காது. தவிர, திறன் 60 விழுக்காட்டிலிருந்து 80-க்கு உயர்ந்தாலும் எரிபொருள் குறைவது கால் பங்குதான், பாதி அல்ல.

வெயில் காலத்துக்கு வேறொரு வழியும் உண்டு. தொட்டியில் மின்சூடேற்றி பொருத்த இடமிருந்தால், நீரைச் சூடாக்கும் 9.3 யூனிட்டும் தொட்டி ஆறுவதில் போகும் இழப்பும் சேர்ந்து, நாளொன்றுக்குச் சுமார் 11.5 யூனிட் மின்சாரம் அந்த நான்கு கிலோவின் வேலையைச் செய்யும். எனவே ஒரு கிலோ நிலக்கரியின் விலை உங்கள் ஊரில் மூன்று யூனிட் மின்சாரத்தின் விலையை விட அதிகமாக இருந்தால், வெயில் மாதங்களில் பாய்லரை மூட்டாமல் இருப்பதே லாபம். குளிர்காலத்தில் இந்த ஒப்பீடு செல்லாது. வீட்டுக்காக எப்படியும் எரியும் பாய்லரிலிருந்து சுடுநீர் எடுக்க ஏறத்தாழ 2.3 கிலோவே கூடுதலாகும்.

பாய்லரின் உடலில் கசிவு இருந்தாலோ, துரு தகட்டைத் தின்றிருந்தாலோ என் பதில் வேறு. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், இந்த வேலைகளை முடித்துவிட்டு, நிலக்கரி வாளியைத் தராசில் வைத்து எடை பார்த்து, இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் குறித்து வையுங்கள். விற்பனையாளர் மீண்டும் வரும்போது அந்தத் தாளை அவர் முன் வைத்து, அதிலிருந்து எத்தனை கிலோ குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். வைப்புத்தொகையை முறிப்பதால் இழக்கும் வட்டியையும் கடன் வட்டியையும் அந்தக் கிலோக்களின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு முடிவெடுக்கலாம்.