எந்த ஊர் வெள்ளி?

கேள்வி: பட்டுநூல் வளையல் செய்து இணையத்தில் சிறிய கடை நடத்துகிறேன். வாங்குபவர்களில் பாதிப் பேர் மலேசியாவின் ஜொகூரிலும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். ஒரு செட் 48 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஜொகூர்க்காரர்கள் “எங்கள் வெள்ளியா, உங்கள் வெள்ளியா?” என்கிறார்கள். மெல்பர்ன்காரர்கள் டாலர் குறியைப் பார்த்துத் தங்கள் டாலர் என்றே நினைத்துவிடுகிறார்கள். எல்லா நாணயத்திலும் விலை காட்டும் பிளகின் (கடைப் பக்கத்தோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) ஒன்றைப் போட்டால் போதுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: போதாதும்மா. விலையைக் காட்டுவது வேறு, பணத்தைப் பிடிப்பது வேறு. பல பிளகின்கள் அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி 157.43 ரிங்கிட் என்று பக்கத்தில் காட்டும். பணம் கட்டும் இடத்துக்குப் போனால் பழையபடி 48 சிங்கப்பூர் வெள்ளிதான். வாங்குபவருடைய வங்கி தன் விகிதத்தில் மாற்றி, வெளிநாட்டுக் கட்டணத்தையும் சேர்த்துவிடும். கார்டு பில்லில் கூடுதலாக வந்தால் அவர் வங்கியிடம் சண்டைக்குப் போக மாட்டார், உங்களிடம்தான் வருவார்.

அதனால் முதலில் உங்கள் கட்டணச் சேவையிடம், அதாவது கார்டுப் பணத்தை வாங்கி உங்களுக்குத் தரும் நிறுவனத்திடம், இரண்டு கேள்வி கேளுங்கள். வாங்குபவரின் கார்டில் ரிங்கிட்டாகவே பிடிப்பீர்களா? என் கணக்கில் வந்து விழும்போது மாற்றுவதற்கு எவ்வளவு எடுப்பீர்கள்? இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபையில் கடை வைத்திருந்தால், அவர்களுடைய சொந்தக் கட்டணச் சேவையை இயக்கினால்தான் வாங்குபவரின் நாணயத்தில் பணம் பிடிக்க முடியும். இணையக் கடைக்கான இன்னொரு மென்பொருளான வூகாமர்ஸ் என்றால் அதில் இயல்பாக ஒரே நாணயம்தான். மற்றவற்றுக்குத் தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தேக்கா பக்கம் மணி சேஞ்சர் கடைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. நடுவில் இருப்பது அவர் சோறு. கட்டணச் சேவைக்கும் அதே நடுவெளி உண்டு. பலகை மட்டும் கண்ணில் படாது. அதைத் தெரிந்துகொண்டு விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலையைக் கையால் போடுங்கள். 157.43 என்றால் கால்குலேட்டரில் வந்த எண் என்று யாருக்கும் தெரியும். 159 ரிங்கிட் என்று போட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். குறியை மட்டும் நம்பாமல் “சிங்கப்பூர் வெள்ளி”, “ஆஸ்திரேலிய டாலர்” என்று பெயரையே எழுதுங்கள். இடத்தைக் கண்டுபிடித்து நாணயம் தானாக மாறும் வசதி இருந்தாலும், மேலே கையால் மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கட்டும். ஜொகூரிலிருந்து தினமும் உட்லண்ட்ஸ் வழியாக வேலைக்கு வருபவர் பகலில் இங்கேயும் இரவில் அங்கேயும் இருப்பார். பாவம், காலையில் பார்த்த விலை ராத்திரி வேறாகத் தெரிந்தால் என்ன நினைப்பார்?

உங்களுக்கு இப்போது மூன்று நாணயம் போதும். புருணையிலிருந்து ஆர்டர் வந்தாலும் கவலை இல்லை, 1967 முதல் அவர்கள் டாலரும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று.

ஆசைப்பட்டு எல்லா நாணயத்தையும் திறந்துவிட்டு நான் பட்டது போதும். கேம்பல் லேனில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு பித்தளைக் குத்துவிளக்கு விற்றேன். ஒசாகாவிலிருந்து ஓர் அம்மா 6,000 யென் விளக்கு ஒன்றைக் கேட்டார். வெள்ளிக்கு நூறு காசு என்பதால் எங்கள் புரோகிராமர் எல்லாத் தொகையையும் காசாக்க நூறால் பெருக்கிக் கட்டணச் சேவைக்கு அனுப்பும்படி எழுதியிருந்தார். யென்னுக்குக் காசுக் கணக்கே கிடையாது. 6,00,000 யென் போனது! நல்ல வேளை, கார்டு வரம்பு தடுத்தது. அந்த அம்மா போன் செய்து, “விளக்கு பித்தளைதானே?” என்றார். குவைத் தினார் அதற்கு நேரெதிர்: ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். புதிய நாணயம் சேர்க்கும்போதெல்லாம் நீங்களே ஒரு செட் வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. 159 ரிங்கிட் வாங்கினால் 159 ரிங்கிட்டாகவே திருப்ப வேண்டும். இடையில் ரிங்கிட் ஏறியிருந்தால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். மாற்றுக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பி வராது. அளவு சரியில்லை என்று வருவதுதான் வளையலில் அதிகம் என்பதால், வளையலின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் விலைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கும் 9 விழுக்காடு பொருள், சேவை வரி வாங்க வேண்டுமா?
– வாசகர், பிடோக்

பதில்: ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாமல், நீங்களாகவும் பதிவு செய்யாமல் இருந்தால் வரி வாங்கவே கூடாது. பதிவு செய்தவர் என்றால், ஏற்றுமதிக்குப் பூஜ்ய விழுக்காடு. ஆனால் அனுப்பியதற்கான தபால், கூரியர் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.