புதிய பவளத் தொட்டியில் எந்த மீன்களைச் சேர்த்து விடலாம்?

200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, பவளமும் வைக்கப்போகிறேன், நீல டாங், மேண்டரின், டேம்செல் மூன்றையும் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே வேண்டாம்.

டாங் ஓர் அடி வரை வளர்ந்து நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும், இந்த இடம் அதற்குப் பத்தாது. மேண்டரின் அழகுதான், ஆனால் பாறையில் ஊரும் கோபிபாட் என்ற நுண்ணிய உயிர்களைக் கொத்தித் தின்றே வாழ்வது. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இருக்காது, கடைத் தீனியையும் இந்த மீன் பெரும்பாலும் தொடாது, மெலிந்தே செத்துப்போகும். டேம்செல் மலிவு, லேசில் சாகாது, வம்பே அதுதான்: முதலில் குடியேறிவிட்டால் பின்னால் வருவதையெல்லாம் விரட்டி விரட்டிக் கடிக்கும்.

சரி, எதை விடலாம்? புதுத் தொட்டி நீரில் சேரும் நச்சுப் பொருள்களான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் முதலில் சாதுவான ஃபயர்ஃபிஷ் ஒன்று. மிரண்டால் துள்ளி வெளியே விழும், அதனால் மேலே வலைமூடி கட்டாயம். சில வாரம் கழித்து யெல்லோ வாட்ச்மேன் கோபி என்ற மீனும் ஒரு பிஸ்டல் இறாலும். இரண்டும் ஒரே வளையில் சேர்ந்து வாழும். இறாலுக்குப் பார்வை மங்கல். வளைக்கு வெளியே வந்தால் ஓர் உணர்கொம்பை மீன்மேல் வைத்தபடியே மண் தள்ளும், ஆபத்தைக் கண்டு கோபி வாலை ஆட்டியதும் சட்டென்று உள்ளே ஓடிவிடும். இதைப் பார்ப்பதற்காகவே தொட்டி வைக்கலாம்!

அப்புறம் கடைசியாக ஆசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி. இரண்டும் குட்டியாக, ஒன்று சற்றுப் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள், பெரியது பெண்ணாகிவிடும், சண்டையும் குறையும். கடலில் இவை அண்டி வாழும் அனிமோன் என்ற உயிர் இல்லாமலேயே நன்றாக வாழும்.